ஆயிரமாவது பொத்தான்

கிட்ட வா பெண்ணே, அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார். விரிப்பை அப்படி உதறினால் ஓரம் பிய்ந்துவிடும். இரண்டு மூலையை நீ பிடி, இரண்டு மூலையை நான் பிடிக்கிறேன், மடித்துக்கொண்டே ஒரு கதை சொல்கிறேன். நீளமான கதை இல்லை. இந்தக் கூடை காலியாகும்போது கதையும் தீர்ந்துவிடும். பிள்ளையை ஊசி போடப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள் என்றாயே, அதுவரை உன் மனசு என்னிடம் இருக்கட்டும்.

முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொத்தானை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று காலையில் கேட்டாய். இங்கே வந்து தங்குகிற ஒவ்வொரு தாயும் கேட்பதுதான். நானும் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லுவேன். இந்த வீடு எழும்பக் காரணமானவர் சாகும்போது கையில் இறுக்கிப் பிடித்திருந்த பொத்தான் அது, சுவரில் பெரிதாக ‘இன்னும் ஒரு சுற்று’ என்று எழுதியிருக்கிறதே, அது அவருடைய கடைசிச் சொல் என்று. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீ மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல நூல் தொங்குதே, பிய்ச்சு எடுத்த மாதிரி" என்றாய். தையல்காரி என்று அப்போதே தெரிந்துகொண்டேன். தையல்காரியிடம் பொத்தானைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இங்கே துணி துவைக்க வருவதற்கு முன், மைதானத்துச் சலவை அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். பதினொரு பேர் அணி என்றால் இருபத்திரண்டு காலுறை. இருபத்தொன்று வந்தால், இன்னொன்று கிடைக்கும்வரை அறையைப் பூட்ட மாட்டேன். ஆட்டக்காரர்களின் மேல்சட்டைகளிலிருந்து உதிரும் பொத்தான்களைக் கழுவி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். யாராவது கேட்டால் கொடுக்கலாமே என்றுதான். ஒருவரும் கேட்கவில்லை. டப்பா நிறைந்து இரண்டாவது டப்பா வாங்கினேன்.

கண்ணாடிக்காரரை எல்லோருக்கும் தெரியும். கடைத்தெரு முனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஓட்டம் அவருக்குப் பிழைப்பு இல்லை, ஆசை. விடிந்ததும் மைதானத்தில் நாலு சுற்று ஓடிவிட்டுப் போய்க் கடை திறப்பார். நாற்பத்தெட்டு வயதில் கணையத்தில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஆறு மாதம் தாங்கினால் அதிகம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்தப் பரிசோதனைகளுக்காக அலைந்தபோதுதான், பிள்ளைகளை உள்ளே சேர்த்துவிட்டு ஆஸ்பத்திரி நடையில் செய்தித்தாள் விரித்துப் படுத்திருந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறார். "நான் ஆயிரம் சுத்து ஓடறேன், சுத்துக்கு இவ்வளவுன்னு ஆளாளுக்குக் குடுங்க, இவங்களுக்கு ஒரு வீடு கட்டலாம்" என்று கேட்டார். ஊர் கேட்டது. ஒரு பெரிய மனிதர், ஆயிரமும் முடித்தால் நிலம் தருகிறேன், ஒன்று குறைந்தாலும் கிடையாது என்றார். பெரிய மனிதர்களின் தருமம் எப்போதும் ஒரு ஊசியோடுதான் வரும்.

அதனால் எண்ணுவதற்கு நம்பிக்கையான ஆள் வேண்டியிருந்தது. மைதான மேலாளர் என் அறையைக் காட்டி, "அந்த அம்மா எண்ணினா எண்ணினதுதான் சார், முப்பது வருஷத்துல ஒரு காலுறை தொலைஞ்சதில்ல" என்றாராம்.

கண்ணாடிக்காரர் வந்து வாசலில் நின்றார். "அம்மா, எனக்கு எண்ணித் தருவீங்களா?"

"தரேன் தம்பி" என்றேன். இருபத்தாறு வருஷமாக அந்த மனிதரை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்லவில்லை.

அந்த மூலையைச் சரியாகப் பிடி. ஆமாம், அப்படி.

எனக்கு ஒரு மகள். பத்தொன்பது வயதில் அவள் ஓடினால் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். பத்தாயிரம் மீட்டர் பந்தயம். மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். முதல் மூன்று பேருக்கு விளையாட்டு விடுதியில் இடம், படிப்பு, பிறகு வேலை. அத்தனை சுற்று ஓடும்போது எத்தனையாவது என்பது ஓடுகிறவளுக்கு நினைவிருக்காது. அதற்காகவே ஆள் வைப்பார்கள். ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் அவர்கள் தாளில் ஒரு கோடு போடுவார்கள். கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிப்பார்கள். மணி கேட்டால், உடம்பில் மிச்சமிருப்பதையெல்லாம் அந்த ஒரு சுற்றில் கொட்டிவிட வேண்டும்.

என் மகளுக்கு எண்ணியவர், அன்று இருபத்திரண்டு வயதுப் பையனாக இருந்த கண்ணாடிக்காரர். அதே நிறச் சட்டையில் பின்தங்கிப்போன இன்னொரு பெண் ஓடினாள். அவளுக்குப் போட வேண்டிய ஒரு கோட்டை என் மகளின் வரிசையில் போட்டுவிட்டார். ஒரு சுற்று முன்னாலேயே மணி அடித்துவிட்டார். என் மகள் பறந்தாள். இருபத்துநாலாவது சுற்றில் முதலாவதாக வந்து, கையைத் தூக்கிக்கொண்டு விழுந்தாள். மற்றவர்கள் அவளைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தார்கள். ‘ஏன் இவர்கள் நிற்கவில்லை’ என்று அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

விசாரித்தார்கள். மணி சரியாகத்தான் அடித்தேன், அந்தப் பெண்தான் குழம்பிவிட்டாள் என்று அவர் எழுதிக் கொடுத்தார். தலைமை நடுவர் என்னைக் கூப்பிட்டு, "எண்ணிக்கையில தப்பு வர்றது சகஜம்தாம்மா, உங்க பொண்ணு மனசுல எண்ணியிருக்கணும்" என்றார். அதன் பிறகு தெருவில் அவளுக்குப் பெயர் ‘இருபத்துநாலு’. பால் வாங்கப் போனால், "என்ன இருபத்துநாலு, சில்லறையாவது எண்ணிப் பார்த்தியா?" என்று கேட்பார்கள். அவள் ஓடுவதை விட்டாள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டாள். அதனால்தான் பஸ்ஸையே ஓட்டக் கற்றுக்கொண்டாளோ என்னவோ, பள்ளிக்கூடத்து வண்டி ஓட்டுகிறாள்.

அந்தப் பந்தயம் முடிந்த மூன்றாம் நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். கண்ணாடிக்காரர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டு முறை தட்டினார். "யாரும்மா?" என்று மகள் உள்ளிருந்து கேட்டாள். "யாருமில்ல" என்றேன். எனக்கு அன்று மனிதர் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. அது ஒரு பெரிய விஷயமில்லை, வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு அவரை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் கடையிலேயே போய்க் கண்ணாடி வாங்கினேன். என் முகத்தைக் கையில் பிடித்து அளவெடுத்தார். அடையாளம் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் ஆயிரம் சுற்றையும் பார்த்தேன்.

நாளொன்றுக்கு இருபத்தைந்து சுற்று, நாற்பது நாள் என்று கணக்கு. ஆயிரம் பொத்தானை எண்ணி இடது டப்பாவில் போட்டுக்கொண்டேன். அவர் ஒரு சுற்று முடித்தால் ஒரு பொத்தான் வலது டப்பாவுக்குப் போகும். என் பக்கம் திரும்பியிருந்த பலகையில் எண்ணை மாற்றுவேன். முதல் நாள்களில் ஓடினார். பிறகு ஓட்டமும் நடையும். முந்நூறு தாண்டியபோது வெறும் நடை. ஒரு நாள் வருவார், இரண்டு நாள் படுத்துவிடுவார். நாற்பது நாள் தொண்ணூறு நாளாக இழுத்தது. கோட்டோரம் ஒரு வாளி வைத்திருந்தோம், வாந்தி எடுக்க. எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, இதையும் ஒரு சுத்தாப் போட்டுக்குங்க" என்பார். பார்க்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே அழுவார்கள். நானும் சிரிப்பேன். எண்ணுகிறவள் முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டால் நன்றாக இருக்காது.

நான் நினைத்திருந்தது எளிமையான காரியம். ஒரு சுற்று முன்னாலேயே மணி அடித்துவிடுவது. அவர் கையைத் தூக்குவார், ஊர் கைதட்டும். பிறகு எல்லோர் முன்னாலும் பலகையைத் திருப்பி, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று காட்டுவது. நிலம் போகும், வீடு போகும். தாய்மார் நடையிலேயே படுத்திருப்பார்கள். அதை யோசிக்கவில்லையா என்று கேட்பாய். யோசித்தேன். அவர்கள் ஏற்கெனவே அங்கேதானே படுத்திருந்தார்கள், புதிதாக ஒன்றும் இழக்கவில்லையே. கோபிக்காதே, உன்னை அப்போது எனக்குத் தெரியாது.

என் மகள் வேலை முடித்து என்னைக் கூட்டிப்போக வருவாள். வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நிற்பாள். ஒரு நாள் கேட்டாள்.

"அம்மா, அவர்தானே அது?"

"அவர்தான்."

"எலும்பாப் போயிட்டாரும்மா."

"ஓடினா இளைக்கத்தான் செய்யும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மறுநாள் இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அந்த வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். அவருக்குத் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். இரண்டு பேரும் என்னவோ பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் மைதானம் நிறைந்திருந்தது. நிலக்காரரும் வந்திருந்தார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாவது சுற்று முடித்துக் கோட்டைத் தாண்டினார். மணிக்கயிறு என் கையில். நான் நினைத்திருந்தபடி அடிக்க வேண்டிய நேரம் அதுதான். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் எண்ணவில்லை. என் கை எழவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. முப்பது வருஷப் பழக்கம், காலுறையைத் தப்பாக எண்ணத் தெரியாத கை. அடுத்த சுற்று முடிந்தபோதுதான் அடித்தேன். அந்தக் கடைசி ஒன்றை நடக்க அவருக்குப் பதினாலு நிமிஷம் ஆனது. அவர் கோட்டைத் தாண்டியதும் கடைசிப் பொத்தானை வலது டப்பாவில் போட்டேன். இடது டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன், ஒன்றும் விழவில்லை. எண்ணி எண்ணி ஆயிரம். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள் பெண்ணே, ஆயிரம்.

நிலம் கைமாறியது. அன்றே அவர் படுக்கையில் விழுந்தார்.

ஒரு வாரம் கழித்து, அவர் ஓடிய சட்டையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். முற்பகல் நேரம். கடைக்கு மேலேதான் வீடு. மனைவி என்னை உட்காரவைத்துவிட்டு, கீழே ஆள் வந்திருக்கிறது என்று இறங்கிப் போனாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு போகவில்லை. வேண்டுமானால் நீ நம்ப வேண்டாம். சட்டையைக் கொடுத்துவிட்டு, நல்லாப் பண்ணீங்க தம்பி என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன்.

"உங்களை எனக்குத் தெரியும்மா" என்றார். "கண்ணாடிக்கு அளவெடுத்த அன்னைக்கே தெரியும். அதனாலதான் எண்ணித் தரச் சொல்லி உங்ககிட்ட வந்தேன்."

நான் சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன்.

"உங்க பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அதை விடுங்க சார், உங்களுக்கும் அப்போ சின்ன வயசுதானேன்னு தண்ணியக் கையில குடுத்தாங்க. பெரிய மனசு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒண்ணே ஒண்ணும்மா. மூணாம் நாள் உங்க வீட்டுக்கு வந்தேன். தப்பு என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளோட வந்தேன். முறையீடு குடுக்க அன்னைக்குச் சாயங்காலம்தான் கடைசி. உங்க கையெழுத்தும் சேர்ந்தாத்தான் எடுத்துக்குவாங்க. ரெண்டு தடவை தட்டினேன். உள்ள பேச்சுக்குரல் கேட்டுச்சு. அன்னைக்கு மட்டும் கதவு..." அங்கேயே நிறுத்திக்கொண்டார். "இல்லம்மா. நான் இன்னொரு தடவை தட்டியிருக்கணும். அது என் தப்புதான்."

பாவம், அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நீ கவனிக்க வேண்டியது. அவன் என்னை ஒன்றுமே சொல்லவில்லை.

அவன் என்று சொல்லிவிட்டேனா? மன்னித்துக்கொள்.

நான் போட்டிருந்த கம்பளிச் சட்டையில் கடைசிப் பொத்தான். நூல் முன்பே தளர்ந்திருந்தது. மடியில் கிடந்த துணிக்குக் கீழே விரலை விட்டுத் திருகினேன், வந்துவிட்டது. அதை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"தம்பி, சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். இடது டப்பாவைக் கழுவும்போது இது அடியில ஒட்டிட்டிருந்துச்சு. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதுதான் ஆகியிருக்கு. ஒரு சுத்து முன்னாடியே மணி அடிச்சுட்டேன் போலிருக்கு. எண்ணிக்கையில தப்பு வர்றது சகஜம்தானே."

அவன் பொத்தானைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் ஒரு முறை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன்.

"அப்போ நிலம்?" என்றான்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி. நிம்மதியா இருங்க."

பொத்தான் மேல் விரல்களை மூடினான். பிறகு, "நானூறு மீட்டர்தானேம்மா, நான் முடிச்சுடறேன்" என்றான்.

நான் மாடிப்படி இறங்கி வந்தேன். கடையில் அவன் மனைவி யாருக்கோ எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தாள். "இருங்கம்மா, தண்ணியாவது குடிச்சுட்டுப் போங்க" என்றாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மற்றதெல்லாம் அவள் பிறகு சொல்லித் தெரியும். அன்று மத்தியானம் அவன் எழுந்துவிட்டான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறான். "என்னங்க இது?" என்றால், "நானூறு மீட்டர்" என்றானாம். மூன்று நாள் அப்படி. படுக்கவைத்தால் எழுந்துவிடுவான். எவ்வளவு நடந்தான் என்று யாரும் எண்ணவில்லை. மூன்றாம் நாள் கட்டில் காலோரம் விழுந்து கிடந்தான். "இன்னும் ஒரு சுத்து, இன்னும் ஒரு சுத்து" என்று உயிர் போகும்வரை சொன்னானாம். கை மூடியே இருந்ததாம்.

"ஆயிரமும் ஆச்சுதானேம்மா?" என்று அவள் என்னிடம் கேட்டாள். "ஆச்சு தாயி. வலி மருந்துல மனசு குழம்பியிருக்கும்" என்றேன். அதுவும் உண்மைதான், பாதி. பொத்தானை நான் அன்போடு கொடுத்த நினைவுப் பொருள் என்று எடுத்துக்கொண்டாள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல். கொடுத்தவர்கள் கொடுத்தது கொடுத்ததுதான். வீடு நிற்கிறது, நீ இங்கே கட்டிலில் படுக்கிறாய். ஊர் அவரை ஆயிரம் முடித்தவர் என்றுதான் சொல்கிறது. அவர் ஒருவருக்கு மட்டும் அது தெரியாது. என் மகளிடமிருந்து ஒரு சுற்று எடுத்தார், நான் ஒரு சுற்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஓர் அடிகூட எடுக்கவில்லை.

இன்னும் கேள். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி மைதானத்துக்கு வந்தாள். "ஒண்ணு பாக்கி, ஒண்ணு பாக்கின்னே போயிட்டாரு. கணக்குக்கு இல்லாட்டியும் பரவால்ல, அவர் மனசுக்கு யாராவது அதை ஓடிடுங்களேன்" என்றாள். கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் மகள் செருப்பைக் கழற்றினாள். நாற்பத்தைந்து வயது, வண்டி ஓட்டி ஓட்டிப் பெருத்த இடுப்பு. ஓடினாள். நான்தான் மணி அடித்தேன். அவள் கோட்டைத் தாண்டியபோது, இருபத்தைந்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். நான் அந்தப் பொத்தானைத் திருகாமல் இருந்திருந்தால் அவள் ஓடியிருப்பாளா? நீயே சொல். நல்லதற்குத்தான் என் கை போயிருக்கிறது.

இந்த இல்லம் திறந்த அன்று என் மகளும் வந்திருந்தாள். உன்னைப் போலவே கண்ணாடிப் பெட்டி முன் குனிந்து நின்றாள். மறுநாள் என் கம்பளிச் சட்டையைத் துவைக்க எடுத்தவள், அடிப்பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது எப்பம்மா விழுந்துச்சு?" என்றாள். "தெரியலையே" என்றேன். இரண்டு டப்பாவையும் தரையில் கொட்டித் தேடினாள். அத்தனை பொத்தானில் ஒன்றுகூடச் சேரவில்லை. இதோ பார், இந்த வெள்ளையைத் தைத்துவிட்டுப் போனாள்.

பிறகு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறந்திருப்பாள், அவளுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. வாராவாரம் மருந்து வாங்கி வருகிறாள். வந்து இரண்டு முறை தட்டுவாள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் திறப்பதற்குள், பையைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறாள். சின்ன வயசிலிருந்தே அவசரக்காரி.

கூடை காலி. அதோ உன்னைக் கூப்பிடுகிறார்கள், பிள்ளை வெளியே வந்துவிட்டது போலிருக்கிறது. போய்வா கண்ணு. உன் பிள்ளை குணமாகி, தன் காலால் நடந்து உன் வீட்டுப் படியேறட்டும். உன் வீட்டில் ஓடத் தொடங்கினவர்கள் எல்லோரும் ஓடி முடிக்கட்டும். முடித்தவர்களிடம் முடித்துவிட்டாய் என்று சொல்ல, பக்கத்தில் ஒரு நல்ல வாய் இருக்கட்டும். தட்டுகிற கைக்கு உன் வீட்டுக் கதவு முதல் தட்டிலேயே திறக்கட்டும்.